ஆவடி மைதானம் முழுக்கத் தும்மியது

முதலில் தும்மியவர் நாதஸ்வரக்காரர். வாயில் சீவாளி இருக்கும்போது ஒருவருக்குத் தும்மல் வந்தால் என்ன ஆகும் என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை. குட்டி யானை ஒன்று பயந்து ஓடும்போது கத்துமே, அப்படி ஒரு சத்தம் வந்தது. தவில்காரர் திரும்பிப் பார்த்தார். பார்த்த வேகத்திலேயே அவரும் தும்மினார்.

ஆவடியில் மகளிர் குழுக்களின் விற்பனைக் கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. காலை வெயில் சூடேறத் தொடங்கியிருந்தது. தகரக் கூரை போட்ட கடைகளின் வரிசையில் கடைசிக்கு முந்தியது எங்கள் கடை. ‘எங்கள்’ என்று நான் உரிமையோடு எழுதுகிறேனே தவிர, அது ஜவ்வாது மலையில் சீயக்காய் பறிக்கிற பெண்கள் குழுவின் கடை. அவர்களுக்குப் பொடி அரைத்துக் கொடுக்கிற மில்காரி நான்.

பழங்குடியினருக்கான திட்டங்களைக் கவனிக்கும் அதிகாரி, நாதஸ்வரமும் தவிலும் முன்னால் வர, கடை கடையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். எல்லோரும் அவரை மேடம் என்றுதான் சொன்னோம், நானும் அப்படியே எழுதுகிறேன். குழுவின் தலைவி ரஞ்சிதம் பொன்னாடையைப் பிரித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அவள் நாத்தனார் குப்பு, பக்கத்தில் முதுகை நிமிர்த்திக்கொண்டு நின்றாள்.

“மேடத்துக்கு வேர்க்குதுப்பா, ஃபேனைத் திருப்பு!” என்று யாரோ கத்தினார்கள். கண்காட்சி ஆள் ஒருவர் ஆளுயர ஃபேனைத் தள்ளிக்கொண்டு வந்து, எங்கள் முதுகுக்குப் பின்னால் நிறுத்தி, சுவிட்சைப் போட்டார்.

ஃபேனுக்கும் மேடத்துக்கும் நடுவில் ஒரு பெரிய தாம்பாளம் இருந்தது. அதில் முந்தின நாள் அரைத்த சீயக்காய்ப் பொடியைக் கோபுரமாகக் குவித்து, உச்சியில் ஒரு செம்பருத்திப் பூ வைத்திருந்தோம். அந்தக் கோபுரம் எழுந்து நடந்தது. வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. பூ மட்டும் தாம்பாளத்தில் கிடந்தது.

மேடம் ஒரு தடவை தும்மினார். மன்னித்துக்கொள்ளுங்கள் என்பது போலக் கையைத் தூக்கினார். மறுபடி தும்மினார். அதன் பிறகு தூக்கிய கையை இறக்க அவருக்கு நேரமே கிடைக்கவில்லை. கூட வந்த அலுவலர்கள், பூங்கொத்து வைத்திருந்தவர், காவலுக்கு நின்ற போலீஸ்காரம்மா என்று வரிசையாக எல்லோரும் குனிந்து குனிந்து நிமிர்ந்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு ஏதோ கூட்டு வழிபாடு போலத் தெரிந்திருக்கும்.

அறிவிப்பாளர் நிலைமையைச் சமாளிக்க நினைத்து, “சிறப்பு விருந்தினர் அவர்களை வருக வரு…” என்று தொடங்கி, மைக்கிலேயே தும்மினார். ஒலிபெருக்கி அந்தத் தும்மலை மைதானத்தின் மூலைக்கு மூலை கொண்டுபோய்ச் சேர்த்தது. கடைக்கோடியில் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தவர் கரண்டியோடு எழுந்து நின்றார்.

ரஞ்சிதம் பொன்னாடைக்குள்ளேயே தும்மினாள். அதை இனி யாருக்கும் போர்த்த முடியாது.

மேடம் கைக்குட்டையால் முகத்தைப் பொத்திக்கொண்டார். இரண்டு பேர் கைத்தாங்கலாகப் பிடிக்க, காரை நோக்கிப் போனார். கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

“போச்சுக்கா” என்றாள் ரஞ்சிதம். மூக்கும் கண்ணும் சிவந்திருந்தன. “மெசினு போச்சு.”

குப்பு மட்டும் தாம்பாளத்துக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

கள்ளிக்குப்பத்து மில்

போன வாரம் இந்தப் பத்தியில் நான் எழுதிய, மில்லுக்குள் புகுந்த பூனை கதையைப் படித்துவிட்டு, “உங்கள் மில் இன்னும் ஓடுகிறதா?” என்று சிலர் கேட்டிருந்தார்கள். ஓடுகிறது. ஆனால் நான் சொல்லப்போகிற அந்த வருஷம் ஓடுமா என்பதே சந்தேகமாக இருந்தது.

அம்பத்தூர்ப் பக்கம் கள்ளிக்குப்பத்தில், வீட்டின் கீழ்த்தளத்தில் என் மில். மாவுக்கு ஒரு மெஷின், மிளகாய்க்கு ஒரு மெஷின், சீயக்காய்க்குத் தனியாக ஒன்று. சீயக்காயை மிளகாய் மெஷினில் போட்டால் தலையும் எரியும், குழம்பும் நுரைக்கும். ஆகவே அதற்குத் தனி மரியாதை.

கொரோனா வந்து போன பிறகு ஜனங்கள் எல்லாவற்றையும் பாக்கெட்டில் வாங்கப் பழகிவிட்டார்கள். புதிதாக எழும்பிய அடுக்குமாடி வீடுகளில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவர்கள் குடிவந்தார்கள். அவர்களுக்கு மில் என்று ஒன்று தெருவில் இருப்பதே சத்தம் கேட்டால்தான் தெரியும். சீயக்காய் மெஷின் மேல் நான் பழைய நாளிதழ்களை அடுக்க ஆரம்பித்திருந்தேன்.

அப்போதுதான் பூந்தமல்லியிலிருந்து காதர் பாய் வந்தார். நாட்டு மருந்துக் கடை வைத்திருப்பவர். கடுக்காய், நெல்லி வற்றல் எல்லாம் என்னிடம்தான் அரைத்துக்கொண்டு போவார்.

“இன்னாம்மா விஜயா, சும்மா குந்திகினு கீற? மெஷினு துரு புடிச்சிடப் போவுது.”

“சரக்கு வந்தாத்தானே பாய் ஓட்டறது?”

“சரக்குக்குத்தாம்மா வந்து கீறேன். ஜவ்வாது மலையில பொம்பளைங்க குழு ஒண்ணு கீது. முன்னெல்லாம் ஏலம் எடுத்தவன் கையிலதான் காட்டுச் சரக்கு மொத்தமும் இருக்கும். நானும் அவன்கிட்டதான் வாங்குவேன். இப்ப பொறுக்கறவங்களுக்கே பாத்தியதைன்னு சட்டம் கீது. அவங்களே விக்கறாங்க. காயா வித்தா இன்னா கெடைக்கும்? பொடியா அரைச்சி வித்தா அவங்களுக்கும் நல்லது, எனக்கும் கலப்படம் இல்லாத சரக்கு. உன்கிட்ட அனுப்பட்டா?”

“இவ்வளவு தூரம் எதுக்குப் பாய் தூக்கிக்கிட்டு வரணும்?”

“அவங்களுக்கு மெஷினு குடுக்கறேன்னு கெவர்மெண்ட்டு சொல்லி கீது. குடுக்கற வரைக்கும் ஒரு எடம் வோணுமே.” பாய் குரலைத் தாழ்த்தினார். “எனக்கு லாபம் இல்லாம சொல்லுவனா? ஆனா அந்தப் பொண்ணுங்க நல்ல பொண்ணுங்கம்மா.”

நாளிதழ்களை அன்றைக்கே பழைய பேப்பர்காரரிடம் போட்டேன்.

முள்ளுக்குள் இருக்கிற காய்

அடுத்த வாரம் மூட்டைகளோடு ரஞ்சிதமும் குப்புவும் வந்து இறங்கினார்கள். இரண்டு பேருக்கும் நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். ரஞ்சிதம் பேசுகிறவள். குப்பு சிரிக்கிறவள். எதற்குச் சிரிப்பாள் என்று கணிக்கவே முடியாது. என் மில்லின் ‘பொறுமை காக்கவும்’ பலகையைப் பார்த்து அரை மணி நேரம் சிரித்தாள்.

மூட்டையைப் பிரித்ததும் காய்ந்த நெற்றுகள் சலசலவென்று கொட்டின. புளிப்பும் மண்ணும் கலந்த ஒரு வாசனை. நான் வருஷக்கணக்காகச் சீயக்காய் அரைத்திருக்கிறேன். அது செடியில் காய்க்குமா மரத்தில் காய்க்குமா என்று யாரையும் கேட்டதில்லை.

“கொடிக்கா” என்றாள் ரஞ்சிதம். “மரத்தத் தாண்டி மேல ஏறிடும். ஒடம்பு பூரா கொக்கி கொக்கியா முள்ளு. பொடவையப் புடிச்சா விடாது. தொரட்டி வச்சி இழுக்கணும். விழுந்த காயப் பொறுக்கி, பாறையில காய வச்சி, தலைச்சுமையா எறக்கணும்.”

“இவளப் புடிச்சிக்கிச்சு ஒரு வாட்டி” என்று குப்பு ரஞ்சிதத்தைக் காட்டினாள். “பாவாடையோட வந்து சேந்தா. பொடவை இன்னும் மேலதான் இருக்குது. மயில் கட்டிக்கினு திரியும்.” அவ்வளவுதான், மறுபடி சிரிப்பு.

டீ குடித்துக்கொண்டே நான் கேட்டுக்கொண்ட சட்டம் இது. காட்டில் மரத்தை வெட்டாமல் எடுக்கிற காய், கிழங்கு, தேன், பிசின் எல்லாவற்றுக்கும் அரசாங்கத்தில் ‘சிறு வன மகசூல்’ என்று பெயர். தலைமுறை தலைமுறையாக அதைச் சேகரிக்கிறவர்களுக்கே அது சொந்தம் என்று வன உரிமைச் சட்டம் சொல்கிறது. அதற்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை ஒன்றும் உண்டு. குழுவாகச் சேர்ந்தால் பயிற்சியும் மெஷினும் தருகிற திட்டமும் உண்டு.

“நெல்லுக்கு வெலை வைக்கிற மாதிரி நம்ம சீக்காய்க்கும் வெலை வச்சிருக்காங்கக்கா” என்றாள் ரஞ்சிதம். “அதுக்குக் கொறைய யாரும் கேக்கக் கூடாது.”

“கேட்டா?”

“குடுக்க முடியாதுன்னு சொல்லலாம். முன்ன அதச் சொல்ல முடியாது.”

அதைச் சொன்னபோது அவள் குரலில் பெருமை ஒன்றும் பெரிதாக இல்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். நான்தான் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

திட்டத்தில் ஓட்டை இல்லாமலும் இல்லை. விலையை அறிவித்துவிடுவார்கள். அந்த விலைக்கு எடுத்துக்கொள்ள வேண்டிய வண்டி சீசன் முடிந்த பிறகு, மழையில் வரும். அதுவரை காயை வைத்துக்கொள்ள இடமில்லாதவர்கள் பழைய வியாபாரியிடமே போவார்கள். “வெலை வந்துருச்சு, வண்டிதான் வரல” என்று மலையில் அது ஒரு கேலிப் பேச்சாகவே ஆகிவிட்டதாம். அதனால்தான் இவர்களுக்குச் சொந்தமாக மெஷின் வேண்டியிருந்தது. பொடியாக்கிவிட்டால் டப்பாவில் அடைத்து நிதானமாக விற்கலாம். யார் வண்டிக்கும் காத்திருக்க வேண்டாம்.

மாடியில் தங்கிய விருந்தாளிகள்

பாவம், மலைக்குப் போய்ப் போய் வர முடியாதே என்று என் வீட்டு மாடி அறையிலேயே இருவரையும் தங்கச் சொன்னேன். மெஷின் வந்தால் ஓட்டத் தெரிய வேண்டாமா? நானே கற்றுக்கொடுப்பது என்று முடிவாயிற்று.

அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு லேசாகிறது. மொட்டை மாடி முழுக்கச் சீயக்காய் காய்ந்தது. கொரோனா காலத்தில் வாங்கி மீந்திருந்த முகக்கவசங்களைத் தேடி எடுத்து மூன்று பேரும் மாட்டிக்கொண்டோம். பக்கத்து அடுக்குமாடியின் சங்கச் செயலாளர், லேப்டாப் பையோடு வந்து, “மேடம், டஸ்ட் வருதுன்னு கம்ப்ளைன்ட்” என்றார். மதுரைப் பக்கத்துப் பிள்ளை. குப்பு ஒரு கை பொடியைத் தாளில் மடித்து அவர் கையில் வைத்தாள். மறுநாள் அவர் மனைவி வந்து டப்பா நிறைய வாங்கிக்கொண்டு போனாள். புகார் அதோடு நின்றது.

ஒரு நாள் கடல் பார்க்கலாம் என்று அம்பத்தூர் ஸ்டேஷனுக்குப் போனோம். பேச்சு மும்முரத்தில் சென்ட்ரல் போகிற ரயிலுக்குப் பதில் எதிர்ப் பக்க ரயிலில் ஏறிவிட்டோம். குப்பு ஜன்னலோரம் உட்கார்ந்து, “கடல் எப்பக்கா வரும், கடல் எப்பக்கா வரும்” என்று கேட்டுக்கொண்டே வந்தாள். வந்தது பட்டாபிராம். இறங்கி, ஸ்டேஷன் வாசலில் மிளகாய் பஜ்ஜி தின்றுவிட்டுத் திரும்பிவிட்டோம்.

“வுடுக்கா, கடல் எங்க ஓடிடப் போவுது” என்றாள் குப்பு. எனக்குத்தான் வெட்கமாக இருந்தது. பிறந்ததிலிருந்து இதே ரயிலில் போகிறவள் நான்.

மெஷினை ரஞ்சிதம் சட்டென்று பிடித்துக்கொண்டாள். குப்புவுக்கு ஸ்டார்ட்டர் என்றால் பயம். பச்சைப் பொத்தானை அழுத்தினால் உள்ளே ‘டக்’ என்று ஒரு சத்தம் வருமே, அதற்கே பின்னால் குதிப்பாள். “இது சீறுதுக்கா. எனக்கு சல்லடை போதும்” என்பாள்.

என் வீட்டுக்காரர் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத்துப் பட்டறையில் வேலை செய்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரையும் உட்கார வைத்து வயரிங்கைச் சொல்லிக்கொடுத்தார். “டிரான்ஸ்பார்மர்ல கை வச்சாங்கன்னா கரெண்ட்டு மாறி வரும். மோட்டாரு தலைகீழா சுத்தும். மெயினை எறக்கிட்டு, டெஸ்டர் வச்சிப் பாத்துட்டு, மூணு வயர்ல ரெண்ட மாத்திப் போட்டா சரியாயிடும்.” ரஞ்சிதம் தலையாட்டினாள். குப்பு ஜன்னல் வழியாகத் தெருவில் போன ஐஸ் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிவந்த மூக்கோடு மேடம்

இப்படியெல்லாம் தயாராகித்தான் அந்த ஆவடிக் கண்காட்சிக்குப் போனோம். மேடம் எங்கள் கடையைப் பார்த்துத் திருப்தி என்று சொன்னால் மெஷின் வரும் என்று சொல்லியிருந்தார்கள். அவரைத்தான் தும்ம வைத்துக் காரில் ஏற்றி அனுப்பியிருந்தோம்.

ரஞ்சிதம் டப்பாக்களை அட்டைப் பெட்டிக்குள் திரும்ப அடுக்கத் தொடங்கினாள். அப்போது கையில் பஜ்ஜியோடு ஒரு அம்மா வந்தார்.

“இன்னாடி பொண்ணுங்களா, மைக்குல தும்முனது ஒங்க சரக்காலயா?”

“ஆமாம்மா, தப்பா நெனைக்காதீங்க…”

“தப்பு இன்னா இதுல? எங்கம்மா அரைக்கச் சொல்லோ ஊடு பூரா தும்மும். கடையில வாங்கறதுல ஒரு தும்மலும் வர்ல. குடு ரெண்டு டப்பா.”

அவர் பின்னால் இன்னொருவர். அவர் பின்னால் ஒரு கூட்டமே. “தும்மல் சீக்கா எந்தக் கடை?” என்று விசாரித்துக்கொண்டு வந்தார்கள். போலீஸ்காரம்மாகூடத் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து ஒன்று வாங்கினார். குப்பு டப்பா எடுத்துக் கொடுக்க, ரஞ்சிதம் மூட, நான் ஓடி ஓடிப் பை தேட, மதியத்துக்குள் கடை காலி. தாம்பாளத்தில் ஒட்டியிருந்ததையும் ஒருவர் சுரண்டிக் கேட்டார்.

நாங்கள் தலை கால் புரியாமல் நின்றபோதுதான் மேடத்தின் டிரைவர் வந்தார். “மேடம் பின்னாடி பந்தல்ல இருக்காங்க. உங்களக் கூப்பிடறாங்க.”

அவர் போகவே இல்லை! காரில் உட்கார்ந்து முகம் கழுவியிருக்கிறார், அவ்வளவுதான். பந்தலில் மூக்கு தக்காளி போலச் சிவந்து, கையில் மோர் டம்ளரோடு உட்கார்ந்திருந்தார். ரஞ்சிதம் கும்பிட்டாள். குப்பு மேடத்தின் மூக்கைப் பார்த்தாள். நான் அவள் காலை மிதித்தேன்.

“சிரிச்சிடும்மா. நானும் சிரிச்சிட்டுத்தான் வரேன்” என்றார் மேடம்.

குப்பு சிரித்தாள். மேடமும் சிரித்தார். நாதஸ்வரக்காரரை நினைத்து மறுபடி சிரித்தார். பிறகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வேறு குரலில் பேசினார்.

“சரக்கு நல்லா இருக்கு. அதுல எனக்குச் சந்தேகம் இல்ல. ஆனா வேற ஒரு மலையில இதே மாதிரி மெஷின் குடுத்தோம். ஒரு நாள் நின்னு போச்சு. சரி பண்ண ஆள் இல்ல. இப்ப அது மேல கோழி முட்டை வைக்குது. இன்னொரு தடவை நான் கோழிக்கு மெஷின் வாங்கித் தர மாட்டேன்.”

“நாங்க ஓட்டுவம் மேடம்” என்றாள் ரஞ்சிதம்.

“ஓட்டறது பெரிசில்ல. நின்னா என்ன செய்வீங்க? அத நான் நேர்ல பாக்கணும்.” என்னைப் பார்த்தார். “உங்க மில்லுக்கு வரேன். ஆனா நீங்க வாயைத் திறக்கக் கூடாது.”

கையைக் கட்டி, வாயைப் பொத்தி

சொன்னபடியே மேடம் மில்லுக்கு வந்தார். காதர் பாயும் வந்துவிட்டார். “எனக்கு இன்னா வேலைன்னு கேக்காத, ஊட்ல இருக்க முடில” என்று சொல்லிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் அவர் பக்கத்தில் சுவரோரமாக நிறுத்தப்பட்டேன்.

ரஞ்சிதமும் குப்புவும் மெஷினைத் திறந்து சுத்தம் செய்தார்கள். சல்லடையை மாற்றினார்கள். பெல்ட்டைப் போட்டார்கள். எல்லோரும் முகக்கவசம் மாட்டிக்கொண்டோம். ரஞ்சிதம் பச்சைப் பொத்தானை அழுத்தினாள். மெஷின் உறுமியது, பொடி வந்து விழுகிற துணிப் பை காற்றில் ஆள் போல உப்பி நின்றது. மேடம் தலையாட்டினார். அப்பாடா என்றிருந்தது எனக்கு.

கரெண்ட் போய்விட்டது.

தெருமுனை டிரான்ஸ்பார்மரில் ஏதோ வேலை. டீ வாங்கி வந்தோம், குடித்தோம். மேடம் கிளம்பிவிடுவாரோ என்று எனக்குப் பயம். அவர் நிதானமாக, மலையில் மழை பெய்தால் காயை எங்கே வைப்பீர்கள், பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம் என்று குப்புவிடம் விசாரித்துக்கொண்டிருந்தார். இன்னொரு டீயும் வந்தது.

கரெண்ட் வந்தது. ரஞ்சிதம் பொத்தானை அழுத்தினாள். மெஷின் ஓடியது. ஆனால் சத்தம் வேறு. பை பாதிதான் உப்பியது. வயிற்று வலிக்காரன் போலக் குனிந்து தொங்கியது.

எனக்குத் தெரிந்துவிட்டது. தலைகீழாகச் சுற்றுகிறது! டிரான்ஸ்பார்மரில் கை வைத்துவிட்டார்கள்!

வாயைத் திறந்தேன். மேடம் விரலை உயர்த்தினார். மூடிக்கொண்டேன். கண்ணால் பெல்ட்டைக் காட்டினேன். “கண்ணையும் மூடிக்கோங்க” என்றார் மேடம்.

ரஞ்சிதம் சிவப்புப் பொத்தானை அழுத்தி நிறுத்தினாள். சல்லடையைப் பார்த்தாள். மூடியைப் பார்த்தாள். மறுபடி ஓட்டினாள். அதே சத்தம். நெற்றியில் வேர்வை அரும்பியது. பையைத் தட்டிப் பார்த்தாள். நான் முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தேன். காதர் பாய் என் காதில், “இன்னாம்மா ஆச்சு? சொல்லு, எனக்கு மட்டும் சொல்லு” என்று முணுமுணுத்தார். முடியாது என்று தலையை ஆட்டினேன். அவர் மேலே பார்த்து ஓத ஆரம்பித்துவிட்டார்.

“இங்க எலக்ட்ரீசியனக் கூப்பிடலாம்” என்றார் மேடம். “மலையில கூப்பிட்டா எப்ப வருவாரு?”

“பஸ்ஸு வர்ற அன்னிக்கி” என்றாள் ரஞ்சிதம், சின்னக் குரலில்.

“அண்ணி, நிறுத்து!”

குப்பு. மெஷினுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து பெல்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். “இது எப்பவும் நம்ம பக்கம் வரும். இப்ப சொவத்துப் பக்கம் போவுது. அண்ணாத்தே சொன்னாரே, அது!”

ஐஸ் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தவள்!

“வயர மாத்தணும் அண்ணி” என்றாள். ரஞ்சிதம் டெஸ்டரை எடுக்கக் கையை நீட்டி, பாதியில் இழுத்துக்கொண்டாள். குப்பு அந்தக் கையைப் பார்த்தாள். எழுந்து போய் மெயினை இறக்கினாள். டெஸ்டரை எடுத்தாள். ஸ்டார்ட்டர் பெட்டியின் மூடியைக் கழற்றும்போது, “சீறாத, இரு” என்று அதனிடம் சொன்னாள். ஒவ்வொரு முனையிலும் டெஸ்டரை வைத்துப் பார்த்தாள். இரண்டு வயரைக் கழற்றி இடம் மாற்றி முடுக்கினாள்.

மெயினை ஏற்றினாள். பச்சைப் பொத்தானுக்கு முன்னால் நின்று, கண்ணை இறுக மூடிக்கொண்டு, அழுத்தினாள்.

‘டக்.’ அவள் குதிக்கவில்லை.

பெல்ட் எங்கள் பக்கம் ஓடியது. பை மூச்சு வாங்கி, நிமிர்ந்து, விறைப்பாக நின்றது. நான் முந்தானையைத் துப்பிவிட்டுக் கத்தினேன். காதர் பாய் “மாஷா அல்லாஹ்!” என்று ஸ்டூலிலிருந்து எழுந்து, எதைப் பிடிப்பது என்று தெரியாமல் என் தராசைப் பிடித்துக்கொண்டார். ரஞ்சிதம் குப்புவைக் கட்டிக்கொண்டு அழுதாள். குப்பு முதல் தடவையாகச் சிரிக்காமல் நின்றாள். தன் விரலைத் தானே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மேடம் முகக்கவசத்தைக் கழற்றினார். “மெஷினோட, அத ஓட்டற த்ரீ ஃபேஸ் கரெண்ட் லைனுக்கும் சேர்த்து எழுதறேன்” என்றார். “கோழியை மட்டும் பக்கத்துல விடாதீங்க.”

நசரத்பேட்டை வரைக்கும்

மேடம் எழுதியது வர நாளாயிற்று. அரசாங்கக் காகிதத்துக்கு அதற்கென்று ஒரு நடை உண்டு. ஆனால் வந்தது. மலையில் கம்பம் நட்டார்கள், லைன் இழுத்தார்கள், கொட்டகை போட்டார்கள். மெஷினை எஸ்டேட்டிலேயே ஒரு பட்டறையில் வாங்கினோம். பச்சைப் பெயின்ட் வாசனை மாறாத புத்தம் புது மெஷின்.

சின்ன லாரியில் அதை ஏற்றிக் கயிறு கட்டிய அன்று காலை, என் வீட்டுக்காரர் மெதுவாகக் கேட்டார்: “இனிமே நம்ம மில்லுக்கு அவங்க சரக்கு வராது. யோசிச்சியா?”

யோசிக்கவில்லை. நிஜமாகவே அதுவரை எனக்கு அது தோன்றவே இல்லை. ஒரு நிமிஷம் பக் என்றது. பிறகு லாரியின் பின்னால் குப்பு மெஷினுக்கு மஞ்சள் குங்குமம் வைப்பதைப் பார்த்தேன். பக் என்றது எங்கேயோ போய்விட்டது.

“வேற சரக்கு வரும்” என்றேன். எந்தச் சரக்கு என்று எனக்கே தெரியாது. அந்தத் தும்மலைக் கேள்விப்பட்டு அடுக்குமாடிக்காரர்கள் தேடி வரப்போகிறார்கள் என்பதெல்லாம் பிறகு நடந்தது.

டிரைவருக்குப் பக்கத்தில் ரஞ்சிதமும் குப்புவும் உட்கார்ந்தார்கள். கொஞ்ச தூரம் வழியனுப்பலாம் என்று நான் ஸ்கூட்டரை எடுத்தேன். அம்பத்தூர் தாண்டினேன். இங்கே திரும்பிவிடலாம் என்று நினைத்தேன். குப்பு ஜன்னலில் கையை நீட்டி ஆட்டினாள். பூந்தமல்லி வந்தது. காதர் பாய் கடை வாசலில் நின்று, லாரியை நிறுத்தி, பேரீச்சம்பழப் பொட்டலம் ஒன்றைக் கொடுத்தார். “இன்னும் பின்னாடியே வந்துகினு கீறியே விஜயா, பெட்ரோல் கீதா?” என்று சிரித்தார்.

நசரத்பேட்டையில் பெங்களூர் நெடுஞ்சாலை விரிந்துகொண்டு போனது. அங்கே லாரி ஓரமாக நின்றது. இதற்கு மேல் ஸ்கூட்டரில் வர முடியாது. ரஞ்சிதம் இறங்கி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

“வரங்கா.”

“ம்.”

“மலையப் பாக்க ஒரு நாளு வாக்கா.”

“வரேன், வரேன்.”

குப்பு ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவள் கேட்டது இவ்வளவுதான்: “இன்னிக்கி இன்னா வேலைக்கா ஒனக்கு?”

யோசித்துப் பார்த்தேன். காலையில் ஊற வைத்த உளுந்து ஒன்று ஞாபகம் வந்தது. வேறு எதுவும் வரவில்லை.

எதிரே பஞ்சர் கடை இருந்தது. ஸ்கூட்டரை அங்கே நிறுத்தி, “அண்ணே, நாளைக்கு வந்து எடுத்துக்கறேன், பாத்துக்கோங்க” என்றேன். அவர் ஏதோ கேட்பதற்குள் லாரியில் ஏறிவிட்டேன். டிரைவர் கதவோரமாக ஒடுங்கிக்கொள்ள, மூன்று பெண்களும் ஒரு சீட்டில் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். ரஞ்சிதத்தின் பாதி மடியில் நான். குப்பு பேரீச்சம்பழப் பொட்டலத்தைப் பல்லால் கிழித்தாள். மாற்றுப் புடவை இல்லை, பல் துலக்கப் பிரஷ் இல்லை. லாரி கியர் மாற்றி வேகமெடுத்தது. வெயில் கண்ணாடியில் பளீரென்று அடித்தது.

வீட்டுக்காரருக்கு போன் போட்டேன்.

“எங்க கீற? இன்னும் திரும்பலியா?”

“உளுந்து ஊறிகினு கீது. கிரைண்டர்ல போட்டுடுங்க.”

“நான் போடறதா? நீ எங்க போற?”

காற்று இரைச்சலில் சரியாகக் கேட்காது என்று உரக்கவே சொன்னேன்.

“மெஷினு மாட்டப் போறேன்!”